வெள்ளிக்கிழமையில் இருக்கும் அக்கா

ஸ்காபரோ
03.02.2026, செவ்வாய், இரவு 11.40

அன்புள்ள ஷாமிலா அக்கா,

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் தந்த மடிக்கணினியின் வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன். மெசேஜ் மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் எல்லாருடைய ஃபோனும் ஒரே கணக்கில் இருப்பதால் நீங்கள் 'ஹாய்' என்று அனுப்பினாலே குசினியில் இருக்கும் ஐபாட் 'டிங்' என்று அடிக்கும். அம்மா மாப் பிசைந்த கையோடு வந்து வாசிப்பார். இனி எல்லாம் இந்த மின்னஞ்சலில்தான், அதுவும் தமிழில்தான். ஸ்டெபனி பக்கத்துக் கட்டிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு உளவு கூடாது. அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பாதியில் விட்டது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

இன்றைய செபமாலை எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியாது. எட்டரைக்கு அப்பா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் திரு இருதயப் படத்தடியில் வைத்ததும் நான் ஸ்டெபனிக்குப் பின்னால் போய் முழந்தாளிட்டேன். "வன்கூவரில இப்ப எத்தினை மணி பிள்ளை?" என்று அவர் கேட்க, நீங்கள் மூச்சுக்கூட விடாமல் "அஞ்சரை அப்பா, இப்பதான் கிளினிக்காலை வந்தனான்" என்றீர்கள். அதே நேரம் உங்களுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது, அக்கா! நல்லவேளை, அம்மா தன் பங்கான பத்து மணிச் செபத்தை உரத்துத் தொடங்கிவிட்டார்.

புதுக் கிளினிக்கில் ஏழு கிழமைப் பயிற்சி என்று நீங்கள் சொன்னதை இருவரும் முழுதாக நம்பியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயம். உங்கள் முதுகுப்பையைக் கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குள் ஒளித்துவைத்ததும் நான், பின்வாசலால் இழுத்து வந்ததும் நான். பிடிபட்டால் நானும்தான்.

போன கோடையில் நீங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டபோது அப்பா என்ன சொன்னார் என்று மறக்கவில்லைத்தானே? "உலகத்திலை வேறை நாடு இல்லையோ? தாய்லாந்து எண்ட பேர் இந்த வீட்டிலை வேண்டாம்." அவர் கத்தவில்லை. கத்தினால் பரவாயில்லை. பிறகு மூன்று நாள் ஒருவரோடும் பேசாமல் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய் வந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. கண்டுபிடித்தால் அடுத்த விமானத்தில் வரச்சொல்வார். வந்த பிறகு உங்களுக்கும் அவருக்கும் பேச்சு இருக்காது. நடுவில் நான் உப்பும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

எங்கே நிற்கிறீர்கள்? சாப்பிட்டீர்களா? தனியே பயமாக இல்லையா? வாசித்தவுடன் அழித்துவிடுவேன்.

உங்கள் செலீன்


அயுத்தயா
05.02.2026, வியாழன், மதியம்

செலீன் குட்டி,

அந்தச் சேவலை மன்னித்துவிடு. அது விடுதிக்காரி நொய்யினுடையது. உங்களுக்கு இரவு எட்டரை என்றால் எனக்குக் காலை எட்டரை. அந்த நேரம் இங்கே சேவல், நாய், மோட்டார்சைக்கிள், எல்லாமே குரல் கொடுக்கும்.

எனக்குப் பயமா? அடி, நான் இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வருதில்லை.

பாங்கொக்கிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் வந்தேன். கண்ணாடி இல்லாத ஜன்னல். முகத்தில் காற்றும் புழுதியும். அயுத்தயா ஸ்டேஷனில் இறங்கி, சின்ன வள்ளத்தில் ஆற்றைக் கடந்தால் பழைய தலைநகரம். மூன்று ஆறுகள் சுற்றி ஓடுகிற தீவு. நானூறு வருடங்கள் இந்த நாட்டு அரசர்கள் இங்கே இருந்தார்கள். 1767இல் பர்மியப் படை வந்து எரித்துவிட்டது. மிஞ்சியது செங்கல். ஆனால் என்ன செங்கல்! வீதி வளைவில் திரும்பினால் ஒரு கோபுரம், பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் இன்னொன்று, சாப்பாட்டுக்கடை வாசலில் பாதி இடிந்த இன்னொன்று. அதன் நிழலில் ஒருவர் மோட்டார்சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார்.

ஓரிடத்தில் கல் புத்தரின் தலை ஒன்றை மரத்தின் வேர்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. படம் எடுப்பதென்றால் நிலத்தில் குந்தவேண்டும். அவருடைய தலையைவிட எங்கள் தலை உயரக்கூடாது. உயர்ந்தால் காவலாளி விசில் ஊதுவார். ஆறரை அடி ஜேர்மன்காரர் ஒருவர் குனிந்தார், விசில். குந்தினார், மறுபடி விசில். கடைசியில் பாவம், படுத்தேவிட்டார். காவலாளி கைதட்டினார்.

என் பை பதினான்கு கிலோ இருந்தது. இப்போது ஒன்பது. இரண்டு ஜீன்ஸையும் தலைமுடி உலர்த்தும் மெஷினையும் நொய்யிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு கஷ்டம். வடக்கே போகிற நல்ல ரயில்கள் எல்லாம் காலையில்தான். எட்டரைக்கு நான் சத்தமில்லாத இடத்தில் முழந்தாளில் நிற்கவேண்டுமே! ஆகவே இந்த ஊரைவிட்டு அசைய முடியவில்லை. செபமாலை முடிந்ததும் சைக்கிளை எடுத்தால் இருட்டும்வரை சுற்றுகிறேன். அப்பா தனக்குத் தெரியாமலே என்னை இந்த ஊரில் கட்டிப்போட்டிருக்கிறார்.

அக்கா


ஸ்காபரோ
08.02.2026, ஞாயிறு, இரவு 12.05

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ஜேர்மன்காரர் படுத்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கட்டில் ஆடியது. "வட் ஆர் யூ ரீடிங்?" என்று ஸ்டெபனி எட்டிப் பார்த்தாள். தமிழைக் கண்டதும் "ஈவ், ஹோம்வேர்க்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். சொன்னபடி அழிக்க மனம் வரவில்லை. 'விஞ்ஞானம்' என்று பெயர் போட்டு ஒளித்துவைத்திருக்கிறேன்.

ஆனால் இங்கே நிலைமை மோசம். நேற்று நாய் குரைத்ததே, அதைக் கேட்டுவிட்டு அம்மா, "வன்கூவரிலை அப்பார்ட்மென்டுக்குள்ளை நாயெல்லாம் விடுறாங்களோ?" என்றார். நீங்கள் "பக்கத்து வீட்டு நாய், அம்மா" என்றீர்கள். "ஒரு நாயோ? எனக்கு ஆறேழு மாதிரிக் கேட்டுது" என்றார் அம்மா. அப்பா ஃபோனை மட்டும் பார்த்தார்.

இதைவிடப் பெரிய ஆபத்து, முன்பு எங்கள் வீதியில் இருந்த லெஸ்லி அங்கிள். அவர் வன்கூவர்ப் பக்கம் குடிபோனதை நாங்கள் மறந்தே போனோம். அம்மா அவரைக் கூப்பிட்டு, "பிள்ளை அங்கை வெறும் பாணும் சலாட்டும் திண்டுகொண்டு கிடக்கிறாள், ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு போய் மீன்குழம்பு குடு" என்று சொல்லிவிட்டார். அவர் அடுத்த ஞாயிறு காரோடு வருவாராம். விலாசம் கேட்கிறார். பயித்தம்பணியாரமும் வறுத்த மிளகாய்த்தூளும் அவருடைய விலாசத்துக்குப் பார்சலில் போய்விட்டன.

நேற்றுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். "எத்தினை தரம்?" என்று கேட்டார். எண்ணிக்கை எனக்குத் தெரியவில்லை. 'ஏழு கிழமைக்குத் தொடர்ந்து சொல்லப்போகிறேன்' என்று வாய்வரை வந்தது. அப்படிச் சொன்னால் மன்னிப்புக் கிடைக்காது என்று விழுங்கிவிட்டேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அப்பாவுக்கு ஏன் அந்த நாடு என்றால் இப்படி? கனடா வருவதற்கு முதல் அங்கே ஒரு அறையில் ஒளிந்திருந்தார் என்பதுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதுகூட அம்மா சொன்னதுதான். தெரிந்துகொண்டும் நீங்கள் ஏன் அங்கேயே போனீர்கள்?

செலீன்


அயுத்தயா
10.02.2026, செவ்வாய், பின்னேரம்

செலீன்,

லெஸ்லி அங்கிளுக்குப் பேசிவிட்டேன். ஞாயிறும் வேலை, காய்ச்சல் வேறு தொடங்குகிறது, கிட்ட வராதீர்கள் என்று இருமிக் காட்டினேன். பார்சல் வந்தால் நீங்களே சாப்பிடுங்கோ என்றேன். "சத்தியமாவோ?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்கவேண்டும். இந்தப் பொய்களால் பயன் பெற்றவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

நாய்ப் பிரச்சினைக்கும் வழி கண்டுபிடித்தேன். தீவுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், போர்த்துக்கேயர் குடியிருந்த இடம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய கோயில் இடிந்து அத்திவாரம் மட்டும் நிற்கிறது. அதற்குள் தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடுகளைக் கிடந்தபடியே விட்டுக் கூரை போட்டிருக்கிறார்கள். எல்லாரும் எங்கள் சமயத்தவர்கள். காலையில் அங்கே ஒரு சனமும் இல்லை. வெளியே மரத்தடியில் இருந்துதான் நேற்றும் இன்றும் செபமாலை சொன்னேன். ஓர் உடும்பு மட்டும் வாய்க்காலால் ஏறி வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அது குரைக்காது.

இன்னொரு கோபுரத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். நெட்டான படிகள், ஓராள் மட்டும் நுழையக்கூடிய பாதை. கீழே அரசன் புதையல் வைத்த அறை. புதையல் போய்விட்டது. சுவரில் மங்கிய சிவப்புச் சித்திரங்கள் மிச்சம். மூச்சுமுட்டும் வெக்கை. ஏறி வெளியே வந்து வெயிலில் நின்றபோது காரணமில்லாமல் சிரித்தேன். கீழே வரிசையில் நின்ற பெண்ணும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் அப்பாவைச் சீண்ட இங்கே வரவில்லை. நாலு வருடம் பல் கிளினிக்கில் மற்றவர்களுடைய வாய்க்குள் பார்த்து, பத்து வருடம் வேலை செய்த மாதிரி ஒரு களைப்பு. முதுகில் பையோடு நடக்கவேண்டும், எங்கே சாப்பிடுவது என்பதை நானே தீர்மானிக்கவேண்டும் என்று ஆசை. படங்களில் பார்த்தவற்றுள் இந்த ஊர்தான் மனதில் நின்றது. அவர் ஒரு காரணம் சொல்லி வேண்டாம் என்றிருந்தால் வேறெங்காவது போயிருப்பேன். காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினார். இருபத்தாறு வயதில் நான் கதவை உடைக்கவில்லை, கள்ளமாக ஜன்னலால் குதித்தேன். அது பெருமையில்லை. எனக்கும் தெரியும்.

அக்கா


ஸ்காபரோ
12.02.2026, வியாழன், இரவு 11.15

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால்தான் "ஷாமிலா, இண்டைக்கு நீயே தொடங்கு பிள்ளை" என்றார். பன்னிரண்டு நாளாக அவர் தொடங்க நீங்கள் பின்னால் வந்தீர்கள், தப்பினீர்கள். இன்று நீங்களாகத் தொடங்கினீர்கள்: "துக்க தேவ இரகசியங்களைத் தியானிப்போம். இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது..."

செபமாலையில் வியாழனுக்கு ஒளியின் தேவ இரகசியங்கள், வெள்ளிக்குத் துக்கம் என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு இன்று வியாழன், அக்கா. உங்களுக்குத்தான் வெள்ளி விடிந்திருந்தது.

அம்மா சாதாரணமாகத்தான் "இண்டைக்கு வியாழன் எல்லோ மகள்" என்றார். நீங்கள் "ஓ, வெள்ளி எண்டு நினைச்சிட்டன்" என்று சமாளித்து ஒளியைத் தொடங்கினீர்கள். அம்மா விட்டுவிட்டார். அப்பா விடவில்லை. மற்ற நாளென்றால் கண்ணை மூடிக்கொண்டு செபிக்கிறவர், இன்று முழு நேரமும் கண்ணைத் திறந்து சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

நீங்கள் வைத்த பிறகு, செபமாலையைச் சுருட்டிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் இல்லாமல் கேட்டார்: "இப்ப வெள்ளிக்கிழமை எங்கை?"

அம்மா, "என்னப்பா?" என்றார்.

"ஒண்டுமில்லை," என்றார் அப்பா.

இருபத்தைந்து வருடமாக விமானத்தில் போகிற பெட்டிகளுக்கு ஊரும் நாளும் எழுதி ஒட்டுகிற மனிசன். எங்கே எப்போது விடியும் என்று அவருக்குத் தெரியாதா? இப்போது கீழே இருக்கிறார். தொலைக்காட்சிச் சத்தமும் இல்லை. உங்களைக் கூப்பிடவும் இல்லை. ஏன் கூப்பிடவில்லை, அக்கா? அதுதான் எனக்கு ஆகப் பயமாக இருக்கிறது.

செலீன்


அயுத்தயா
13.02.2026, வெள்ளி, மாலை

என் செல்லம்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்கடையில் இருந்து வாசித்தேன். நூடில்ஸ் ஆறிப்போனது.

சொன்ன அந்தக் கணமே எனக்கும் விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டேன். அப்பா வாய் திறக்காதபடியால் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் யோசித்துவிட்டேன். ஞாயிறு காலை, உங்களுக்குச் சனி இரவு, செபமாலை தொடங்குமுன் நானே சொல்லப்போகிறேன். திரும்பி வரச்சொன்னால் வருவேன். டிக்கெற்றை மாற்றலாமா என்றும் விசாரித்துவிட்டேன். உன்னுடைய பெயர் வராது. பையை நானே கராஜிலிருந்து எடுத்தேன், நீ நித்திரை. அவர் கேட்டால் இதையே சொல்.

இன்று பின்னேரம் சைக்கிளை மெதுவாக ஓட்டினேன், எல்லாவற்றையும் கடைசித் தரம் பார்க்கிற மாதிரி. ஆற்றோரத்துக் கோயிலில் தலையில்லாத புத்தர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒருவருக்கு யாரோ புதுச் செம்மஞ்சள் துணி சாத்தியிருந்தார்கள். அதைப் பார்த்து அழுகை வந்தது. போய்ப் பஞ்சுமிட்டாய் சுற்றிய ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். அழுகை நின்றுவிட்டது. பொய்தான் சொன்னேன். ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளை யாருக்கும் திருப்பித் தரமாட்டேன்.

அக்கா


ஸ்காபரோ
15.02.2026, ஞாயிறு, இரவு 12.30

அக்கா,

நேற்று இரவு நீங்கள் மூன்று தரம் எடுத்தும் ஒருவரும் ஃபோனைத் தூக்காதது ஏன் என்று தவித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் நேற்றுச் செபமாலை நடக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தரம். ஆறுதலாக வாசியுங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

சனி மத்தியானம் அப்பா வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார். அம்மா புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"செலீன், இஞ்சை வா."

போனேன்.

"செவ்வாய்க்கிழமை சேவல் கூவினது. சனிக்கிழமை நாய் குலைச்சது. வியாழக்கிழமை கொக்காவுக்கு வெள்ளி விடிஞ்சிட்டுது. வன்கூவரிலை இதொண்டும் நடக்காது. நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

நீங்கள் சொல்லித்தந்த பொய் எதுவும் எனக்கு வரவில்லை, அக்கா. மன்னியுங்கள். வாயைத் திறந்தேன், உண்மை விழுந்துவிட்டது. "தாய்லாந்து, அப்பா. பை நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

அம்மாவின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. "எங்கையெண்டாய்?"

"தாய்லாந்திலை எவடம்?" என்றார் அப்பா.

"அயுத்தயா."

அவர் எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். நான் மூன்று நாள் மௌனத்துக்கு என்னைத் தயார்ப்படுத்தினேன். அவர் திரும்பாமல், ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஸ்டேஷனுக்கு முன்னாலை ஆத்தைக் கடக்கிற வள்ளம் இன்னும் ஓடுதாமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்பிடி வள்ளம் தெரியும்?"

"ஒருக்கா போனனான்."

"எப்ப?"

"தொண்ணூத்தாறிலை."

"தொண்ணூத்தாறிலையோ?" அம்மா மாக்கையோடு இடுப்பில் கை வைத்தார். "கலியாண எழுத்து முடிச்சுப்போட்டு என்னை மன்னாரிலை விட்டிட்டுப் போய், நீங்கள் எனக்கு என்ன எழுதினனீங்கள்? பாங்கொக்கிலை ஒரு அறைக்குள்ளை பதினொரு பேர், ஜன்னலும் திறக்கேலாது, வெய்யிலைக் கண்டு மாசக்கணக்கு எண்டு எழுதினனீங்கள்."

"அது முழுக்க உண்மை, அருள். இது ஒரே ஒரு நாள். பொலிஸ் வருதெண்டு, கனடாவுக்கு அனுப்பிற ஏஜென்சிக்காரன் எங்களை நாலு பேரை விடியவெள்ளன ரயிலிலை ஏத்திவிட்டவன். பொழுதுபடுமட்டும் திரும்பி வரவேண்டாம் எண்டவன். போன இடத்திலை சும்மா எவ்வளவு நேரம் இருக்கிறது? சைக்கிள் எடுத்து ஓடினம்."

"சைக்கிள்!"

"ஓம்."

"நான் மடுமாதாவுக்கு நேத்தி வைச்சு, ஒரு நேரச் சாப்பாட்டோடை, முழந்தாள் தேயத் தேய உங்களுக்காக மன்றாட, நீங்கள் அங்கை சைக்கிள் ஓடித் திரிஞ்சிருக்கிறியள். சிரிச்சனீங்களோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சமோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "பகல் முழுக்கச் சிரிச்சனாங்கள், அருள்," என்றார். "எட்டு மாசத்துக்குப் பிறகு மேலிலை வெய்யில் பட்டது எல்லோ. எங்களோடை வந்த யூட்சன் விழுந்து விழுந்து சிரிச்சவன், வாய்க்காலுக்குள்ளை சைக்கிளோடை விழுந்தும் சிரிச்சவன். அடுத்த கிழமை அவனைப் பிடிச்சு ஊருக்கு அனுப்பிப்போட்டாங்கள். என்னை அறையிலை இருந்தவங்கள் கூரைத் தட்டிலை மறைச்சு வைச்சவங்கள். நீ பட்டினி கிடக்கேக்கை, அவனைப் பிடிச்சுக்கொண்டு போகேக்கை, நான் சிரிச்சனான் எண்டு எப்பிடி எழுதிறது?"

அந்த நேரம் பார்த்து ஸ்டெபனி மேலிருந்து இறங்கி வந்தாள். "வெயிற், அப்பா வோஸ் இன் தாய்லாந்து?"

"மேலை போ!" என்று அம்மாவும் அப்பாவும் ஒன்றாகச் சொன்னார்கள். நேற்று அவர்கள் ஒன்றாகச் சொன்னது அது மட்டும்தான்.

அம்மா கை கழுவினார். புட்டை அவிக்கவில்லை. முப்பது வருடம் ஒரு நாளை ஒளித்துவைத்த மனிசனுக்குப் புட்டு இல்லை என்றார். அறைக்குள் போகும்போது என் பக்கம் திரும்பி, "கொக்காவுக்கு எழுது, அந்த ஊரை விட்டு ஒரு அடி அசையக்கூடாதெண்டு. அவளுக்கும் இருக்கு" என்றார்.

என்ன இருக்கு என்று கேட்கத் துணியவில்லை. அப்பா சற்று முன் வந்து, உங்களைக் கூப்பிடத் தாய்லாந்து இலக்கம் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

செலீன்


அயுத்தயா
17.02.2026, செவ்வாய், காலை

செலீன்,

அப்பா பேசினார். முக்கால் மணித்தியாலம்! அவ்வளவு நேரம் அவர் என்னோடு ஒரே மூச்சில் பேசியது வாழ்நாளில் இல்லை.

முதலில் நன்றாகவே ஏச்சு வாங்கினேன். "நீ பொய் சொன்னது நொந்தது. செபமாலைக்குள்ளை வைச்சுச் சொன்னது இன்னும் நொந்தது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "நான் காரணம் சொல்லியிருக்கவேணும். அந்த அறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அந்த ஒரு நாளையும் சொல்லவேண்டி வரும் எண்டு விட்டிட்டன்" என்றார்.

பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். கோபுரங்களுக்கு இடையில் மாடு மேய்கிறதா? அந்தக் காலத்தில் மேய்ந்ததாம். போர்த்துக்கேயர் இடத்தைப் பார்த்தாயா? நான் அங்கிருந்துதான் செபமாலை சொன்னேன் என்றதும் தாங்களும் அங்கே போனதைச் சொன்னார். அவர்கள் நான்கு பேரும் அந்த எலும்புக்கூடுகளுக்கு முன்னால் நின்று ஒரு பத்து மணி சொன்னார்களாம். "செத்தவைக்குச் சொன்னதோ, எங்களுக்குச் சொன்னதோ தெரியாது" என்றார்.

வைத்த பிறகு சைக்கிளில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு வளைவிலும் இருபத்தெட்டு வயது அப்பா எதிரே வருகிறமாதிரி இருந்தது.

ஆனால் அம்மா? அம்மா என்னோடு இன்னும் பேசவில்லை. நேற்றுச் செபமாலையில் தன் பத்து மணியைச் சொன்ன வேகத்தைக் கேட்டாயா? கறிக்கு வெங்காயம் வெட்டுகிற மாதிரி இருந்தது. நான் வரவா, நிற்கவா என்று கேட்டால் அப்பா, "கொம்மா அசையாதை எண்டவள், அசையாதை" என்கிறார். ஏன் என்று அவருக்கும் தெரியாதாம். என்னைக் கூட்டிப்போக ஆள் அனுப்புகிறாவா? லெஸ்லி அங்கிள் பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டாரா? விசாரித்து எழுது.

அக்கா


ஸ்காபரோ
07.03.2026, சனி, பகல் 2 மணி

அன்புள்ள அக்கா,

நேரத்தைப் பார்த்தீர்களா? பகல் இரண்டு மணி! குசினி மேசையில் இருந்து, எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன். அம்மா "வேண்டாம், கடைசிமட்டும் அவளுக்குச் சொல்லாதை, கொஞ்சம் தவிக்கட்டும்" என்று என் வாயைக் கட்டியிருந்தார். இன்றுதான் அவிழ்த்தார்.

அம்மா வருகிறார், அக்கா. உங்களைக் கூட்டிப்போக இல்லை. பார்க்க வருகிறார்.

திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, மீன்கறி பரிமாறிக்கொண்டே சொன்னார்: "மார்ச் பிரேக்குக்கு நான் அயுத்தயா போறன். செலீன் என்னோடை வருவாள்."

"நீ தனியவோ?" என்றார் அப்பா.

"நீங்கள் என்னைக் கேட்டோ போனனீங்கள்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒஷாவாவில் மலிவு விற்பனை என்று போய் எங்கள் இருவருக்கும் முதுகுப்பை வாங்கி வந்தார். சில்லு வைத்த பெட்டி வேண்டாமாம், "நடந்து பாக்கிற இடத்துக்கு நடக்கிற ஆள் மாதிரிப் போகவேணும்." இரண்டு கிழமையாக, பைக்குள் எட்டு இறாத்தல் அரிசிப் பொதியை வைத்துக்கொண்டு பனிக்குள் எங்கள் வீதியைச் சுற்றுகிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு சீமோன் அன்ரி காரை நிறுத்தி, "என்ன அருள், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று இரகசியமாகக் கேட்டிருக்கிறார். "ஓம், பிரச்சினைதான். முப்பது வருசத்துப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாராம். தவக்காலம் முடியும்வரை இறைச்சி தொடமாட்டாராம், ஆகவே மீன் நூடில்ஸ் விற்கும் கடையாகப் பார்த்து வையுங்கள்.

அப்பா வரமாட்டேன் என்றார். தன்னுடைய பெயர் இன்னும் அந்த நாட்டுப் பொலிஸ் புத்தகத்தில் இருக்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். முப்பது வருடத்துக்கு முந்தைய விஷயம் என்று நான் சொன்னேன். "அவங்கள் மறந்தாலும் எனக்குக் கால் மறக்காது" என்றார். அம்மா ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் உங்கள் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பார். அப்பா வாசலில் சாய்ந்து நின்றபடி, "இதுக்குப் பின்னாலை ஒரு குளம் இருக்கவேணும்" என்பார். அம்மா, "நான் போய்ப் பாத்துச் சொல்லுறன்" என்பார். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போனது.

நேற்று இரவு அம்மா டிக்கெற் பதியும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு பேர் என்று போட்டு, என் பெயரையும் எழுதிவிட்டார். அப்பா மாடிக்குப் போனார். திரும்பி வந்து தன் பாஸ்போட்டை மேசையில் வைத்தார். கூடவே ஸ்டெபனியுடையதையும்.

"அருள், எனக்கும் ஒரு சீற் போடு."

"ஏன், பொலிஸ் பிடிக்காதோ?" அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிடிச்சால் இதைக் காட்டுவன். அந்த ஊரிலை ஒரு பொலிஸ்காரனுக்கு ஒருக்காவது இதைக் காட்டவேணும். ஒளியாமல், ஓடாமல், அவனுக்கு முன்னாலையே நிண்டு பேசவேணும்."

அம்மா பாஸ்போட்டைக் கையில் எடுத்து, அவருடைய படத்தைப் பார்த்தார். பிறகு, மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தரமாக, சிரித்தார். அப்பா முகம் என்னமாதிரி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நேரில் பாருங்கள்.

"சரி, வாங்கோ," என்றார் அம்மா. "ஆனால் ஒண்டு. சைக்கிளை நான் ஓடுவன். நீங்கள் பின்னாலை இருந்து இடத்தைக் காட்டுங்கோ."

ஸ்டெபனி போட்ட சத்தத்தில் நிலக்கீழ் அறைக் குடித்தனக்காரர் கூரையில் தட்டினார்கள்.

நாங்கள் பதின்மூன்றாம் திகதி, வெள்ளி இரவு புறப்படுகிறோம். ஞாயிறு காலை ரயிலில் வருவோம். அப்பா மூன்றாம் வகுப்புத்தான் வேண்டுமாம். நொய்யிடம் இப்போதே சைக்கிள் சொல்லிவையுங்கள், அக்கா. எங்கள் நான்கு பேருக்கும் உங்களுக்குமாக ஐந்து பேர், நான்கு சைக்கிள் போதும். அதில் ஒன்றுக்கு மட்டும் பின்னால் பலமான கரியர் இருக்கவேண்டும்.

செலீன்